அடிக்கடி போனவருக்குச் சிறுநீர் போகவில்லை: 14-வது வாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ். கீழே வரும் பெண்ணின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். அவருக்கு வந்தது அரிதான சிக்கல். ஆனால் அது வந்த வழி அரிதானதல்ல. 12 வாரத்தை ஒட்டி எல்லாக் கர்ப்பிணிகளும் சொல்லும் அதே நாலைந்து தொந்தரவுகளோடு கலந்துதான் வந்தது. மூன்று முறை அது எங்கள் கைக்கு வந்தது. மூன்று முறையும் ‘இது எல்லோருக்கும் வருவதுதான்’ என்று திருப்பி அனுப்பினோம். அதில் இரண்டு முறை திருப்பி அனுப்பியது நான்.

பின்னணி

வயது 31. இரண்டாவது கர்ப்பம். முதல் கர்ப்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 8-வது வாரத்தில் கலைந்துவிட்டது. அதனால் இம்முறை நாள் தள்ளிப்போனதிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வந்தார்: எத்தனை வாந்தி, எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை தரம் சிறுநீர். அந்த நோட்டு இந்தக் கதையில் மறுபடி வரும்.

26 வயதில் எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர். 8-வது வார ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் ‘கர்ப்பப்பை பின்சாய்ந்துள்ளது’ என்று இருந்தது.

கர்ப்பப்பை பெரும்பாலானோருக்குச் சிறுநீர்ப்பையின் மேல் முன்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். 100 பேரில் சுமார் 15 பேருக்கு முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும். அது நோயல்ல. கரு வளர வளர, 12 முதல் 14 வாரத்துக்குள் தானாக நிமிர்ந்து, இடுப்புக்குழியை விட்டு வயிற்றுக்குள் எழும்பிவிடும். அதனாலேயே ஸ்கேன் அறிக்கையின் அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்குக் கர்ப்பப்பையின் பின்புறம் ஒட்டுதல்கள் (உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புத் திசு) இருக்கலாம், அவை அது நிமிர்வதைத் தடுக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் ஒரு தகவல் ஸ்கேன் அறிக்கையில் இருந்தது, மற்றது பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

11 வாரம் 2 நாள்: முதல் சந்திப்பு

அன்று அவர் சொன்ன பட்டியல் நீளமானது. மசக்கை குறையத் தொடங்கியிருந்தது, ஆனால் மாலையில் இன்னும் குமட்டியது. மார்பகம் தொட்டாலே வலித்தது, மேலே நீல நரம்புகள் தெரிந்தன. மலச்சிக்கல். வெள்ளைப்படுதல் கூடியிருந்தது, வாடையோ அரிப்போ இல்லை. எழுந்து நின்றால் கண நேரம் கண் இருட்டியது. வாரம் இரண்டு முறை தலைவலி. பகலில் 10, 12 தரம் சிறுநீர், இரவில் இரண்டு மூன்று தரம்.

ரத்த அழுத்தம் 108/64. எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிட ஒன்றரை கிலோ குறைவு. சிறுநீர்ப் பரிசோதனையில் எதுவுமில்லை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். குமட்டலோடு தொடர்புடைய எச்.சி.ஜி. ஹார்மோன் 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும், அதனால் 14, 16 வாரத்தில் பெரும்பாலானோருக்கு மசக்கை விட்டுவிடும். புரொஜெஸ்டிரோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது, மலச்சிக்கல் அதனால். ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால் ரத்த அழுத்தம் சற்று இறங்கும், கண் இருட்டுவது அதனால். சிறுநீர் அடிக்கடி வருவதற்கு இரண்டு காரணங்கள். முதல் மூன்று மாதம் முடிவதற்குள் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகமாக வடிகட்டத் தொடங்கிவிடும். போதாததற்கு, இடுப்புக்குழிக்குள்ளேயே பெருத்துக்கொண்டிருக்கும் கர்ப்பப்பை சிறுநீர்ப்பையை நெருக்கும்.

“பன்னெண்டு வாரம் தாண்டினதும் அது மேல ஏறிடும்மா. அப்புறம் கொஞ்ச நாளைக்கு இந்தத் தொந்தரவு குறையும்” என்றேன். சொன்னது சரிதான். அவருடைய அக்காவும் இதையேதான் சொல்லியிருந்தாராம். அந்த வாக்கியத்துக்குள் ஒரு கெடு இருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. குறைய வேண்டிய நேரத்தில் குறையாவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லவில்லை.

12 வாரம் 4 நாள்: ஸ்கேன்

குழந்தையின் நீளம் 61 மி.மீ., இதயத்துடிப்பு சீர், கழுத்தின் பின்புற அளவு இயல்பு. கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருந்ததால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கப் படம் சரியாகக் கிடைக்கவில்லை, உள்வழியாகவும் பார்க்க வேண்டியிருந்தது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். போய் வந்தார். வந்த பிறகும் சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகவில்லை என்பது படத்தில் இருந்திருக்கிறது. பின்னால் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அன்று கேட்ட கேள்வி குழந்தையைப் பற்றியது, பதிலும் குழந்தையைப் பற்றியே வந்தது.

மசக்கை முற்றிலும் நின்றிருந்தது. அன்றுதான் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினோம்.

13 வாரம் 3 நாள்: முதல் தொலைபேசி அழைப்பு

“சிஸ்டர், குறையும்னு சொன்னீங்க. இப்ப அரைமணிக்கு ஒருதரம் போறேன். நேத்து பத்தொன்பது தரம். நோட்ல எழுதியிருக்கேன்.”

எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. அடிவயிறு கனமாக இருப்பதாகவும் இடுப்பின் அடிப்பகுதி வலிப்பதாகவும் சொன்னார். மலம் கழித்து நான்கு நாள் ஆகியிருந்தது. இந்தக் கடைசித் தகவலை நான் பிடித்துக்கொண்டேன். இரும்புச்சத்து மாத்திரை, அதனால் மலச்சிக்கல், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

மாத்திரையைச் சில நாள் நிறுத்தவும், நார்ச்சத்தைக் கூட்டவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொன்னேன். அன்றே சிறுநீர் மாதிரியும் வாங்கினோம். பட்டைப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் லேசாகத் தெரிந்தன. வெள்ளைப்படுதல் கலந்தாலும் அப்படிக் காட்டும் என்பதால், கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வரும்வரை ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று டாக்டர் முடிவெடுத்தார். அந்த வாரம் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அது என்று நினைக்கிறேன். கிருமித்தொற்று என்று பெயர் வைத்து மருந்து கொடுத்திருந்தால் இன்னும் ஐந்து நாள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்போம்.

‘நிறையத் தண்ணீர் குடிங்க’ என்ற என் அறிவுரைதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மூடிய குழாய்க்கு மேலே இருந்த தொட்டியை நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

13 வாரம் 6 நாள்: இரண்டாவது அழைப்பு

கல்ச்சரில் கிருமி வளரவில்லை. நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். பேச்சின் நடுவே அவர் மூன்று விஷயங்கள் சொன்னார். போகணும் போலவே இருக்கிறது, உட்கார்ந்தால் வருவதில்லை. பாதி எழுந்து முன்னால் குனிந்தால் கொஞ்சம் வருகிறது. இருமினால் தெரியாமலே கசிகிறது. பிறகு சிரித்துக்கொண்டே, “வயிறு நல்லா தெரிய ஆரம்பிச்சிடுச்சு சிஸ்டர். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம்” என்றார்.

பதிவேட்டில் நான் எழுதியது: ‘கல்ச்சர் நெகட்டிவ். தெரிவிக்கப்பட்டது. மலச்சிக்கல் தொடர்கிறது.’ குனிந்தால்தான் வருகிறது என்பதை எழுதவில்லை. கேட்டது நினைவிருக்கிறது, எழுதும் அளவுக்கு முக்கியமாகப் படவில்லை.

14 வாரம் 2 நாள், இரவு 9:40

கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். காலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது. மதியத்துக்கு மேல் அதுவும் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார முடியாமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 134/80.

வயிறு தொப்புள்வரை மேடாக, இறுக்கமாக இருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடி டாப்ளரை வைத்தேன். அடிவயிறு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. முதல் கர்ப்பத்தை இழந்த ஒருவரின் முகத்துக்கு எதிரே அந்தக் கருவியின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை.

பணியிலிருந்த டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நடுவில் தட்டிய இடமெல்லாம் நீர் நிறைந்த மந்தமான ஓசை. “பதினாலு வாரத்துல கர்ப்பப்பை இவ்வளவு உயரத்துக்கு வராது” என்றார். 12 வாரத்தில் கர்ப்பப்பையின் மேல்விளிம்பு முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே எட்டும், தொப்புளைத் தொட 20 வாரம் ஆகும். இரட்டைக் குழந்தை இல்லை என்பது ஸ்கேனில் தெரிந்த விஷயம். பெரிய சினைப்பைக் கட்டியோ நார்த்திசுக் கட்டியோ பன்னிரண்டு நாள் முந்தைய ஸ்கேனில் இல்லை. மிஞ்சியது சிறுநீர்ப்பை.

சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போட்டோம். அளவு ஜாடியை இரண்டு முறை காலி செய்ய வேண்டியிருந்தது. மொத்தம் 1,250 மி.லி. ஆரோக்கியமான சிறுநீர்ப்பையில் 400, 500 மி.லி. சேரும்போதே அடக்க முடியாமல் போகும்.

சிறுநீர் வடிய வடிய வலி இறங்கியது. கூடவே வயிறும் இறங்கியது. பதினைந்து நிமிடத்தில் அந்த மேடு முழுவதும் காணாமல் போய், வயிறு தட்டையாகிவிட்டது. வலி போன நிம்மதியில் கண்ணை மூடியிருந்தவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சிஸ்டர், பாப்பா போயிடுச்சா?”

வீட்டில் எல்லோரும் பார்த்து மகிழ்ந்த வயிறு குழந்தையுடையதல்ல, தேங்கிய சிறுநீர் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் பேசிக்கொண்டிருக்காமல் ஸ்கேன் கருவியை இழுத்து வந்து திரையை அவர் பக்கம் திருப்பினார். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 152. குழந்தை கைகால்களை உதறிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் விளக்கினார். கதீட்டர் போடுவதற்கு முன் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன நடந்திருந்தது

கர்ப்பப்பை நிமிரவில்லை. பின்சாய்ந்த நிலையிலேயே வளர்ந்து, இடுப்புக்குழியின் பின்சுவரில் உள்ளே வளைந்திருக்கும் எலும்புக்கு அடியில் அதன் மேல்முனையான தலைப்பகுதி மாட்டிக்கொண்டது. தலை பின்னால் கீழே போனதால், கர்ப்பப்பையின் வாய் முன்னால் மேலே இழுக்கப்பட்டு, முன்பக்க இடுப்பெலும்புக்குப் பின்னால் ஏறி நின்றது. அது சிறுநீர்ப் பாதையை நெருக்கியது. தலைப்பகுதி மலக்குடலை அழுத்தியது, மலச்சிக்கலுக்கும் இடுப்புவலிக்கும் அதுவே காரணம். டாப்ளரில் சத்தம் கிடைக்காததற்கும் அதுதான் காரணம். குழந்தை நிறைந்த சிறுநீர்ப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டி இருந்தது.

சிறைப்பட்ட கர்ப்பப்பை என்று இதைச் சொல்வார்கள். சுமார் 3,000 கர்ப்பங்களில் ஒன்றில் வரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலும் 14 முதல் 16 வாரத்தில், அதாவது மற்றவர்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவு தணியும் அதே நேரத்தில் தலைகாட்டும்.

நோட்டில் இருந்த பத்தொன்பது, பத்தொன்பது முறை சிறுநீர்ப்பை காலியானதைக் குறிக்கவில்லை. நிரம்பி வழியும் பாத்திரத்தின் விளிம்பிலிருந்து பத்தொன்பது முறை சிந்தியதைக் குறித்தது. எண்ணிக்கை உண்மை. அளவை நாங்கள் கேட்கவே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எளிய வழி: 48 மணி நேரம் கதீட்டரை விட்டு வைப்பது, மலமிளக்கி கொடுத்துக் குடலைக் காலி செய்வது, முட்டி போட்டு மார்பு படுக்கையில் படும்படி ஒரு நாளைக்குப் பல முறை பத்துப் பத்து நிமிடம் இருக்கச் சொல்வது. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இடம் விட்டால், புவியீர்ப்பிலேயே கர்ப்பப்பை முன்னால் சரிந்துவிட வாய்ப்புண்டு. பலருக்கு இதுவே போதும். இவருக்குப் போதவில்லை. கதீட்டரை எடுத்த பிறகு 150 மி.லி. கழித்தார், உள்ளே 420 மி.லி. தங்கியிருந்தது. மீண்டும் கதீட்டர்.

அடுத்து மூத்த மகப்பேறு மருத்துவர், அதே முட்டி போட்ட நிலையில், கையால் தள்ளி நிமிர்த்த முயன்றார். வலி தாங்க முடியவில்லை, உடனே நிறுத்திவிட்டார். தம்பதியோடு அரை மணி நேரம் பேசினார். நிமிர்த்தும் முயற்சியில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. நிமிர்த்தாமல் விட்டால் சிறுநீர்ப்பையும் சிறுநீரகங்களும் பாதிக்கப்படலாம், கர்ப்பப்பையின் முன்சுவர் மட்டும் மெலிந்து விரிந்து பின்னாளில் ஆபத்தாகலாம். வாரங்கள் ஏற ஏற நிமிர்த்துவது கடினமாகும். “இன்னொரு நாள் யோசிக்கலாமா?” என்று கணவர் கேட்டார். யோசிக்கலாம், ஒரு வாரம் வேண்டாம் என்றார் டாக்டர்.

14 வாரம் 6 நாளில், ஆபரேஷன் தியேட்டரில், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, உள்வழியாக விரல்களால் கர்ப்பப்பையின் தலையை நடுக்கோட்டிலிருந்து சற்று ஒதுக்கி மேலே தள்ளினார்கள். எலும்பின் நடுவில் நேராகத் தள்ளினால் அது இன்னும் மாட்டும். மூன்றாவது முயற்சியில் எழும்பியது. உடனே எடுத்த ஸ்கேனில் இதயத்துடிப்பு சீராக இருந்தது, கர்ப்பப்பையின் வாய் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

பின்னர்

மறுநாள் கதீட்டரை எடுத்தோம். முதல் முறை 310 மி.லி. போனார், உள்ளே தங்கியது 60 மி.லி. அவர் வெளியே வந்து “உட்கார்ந்தே போனேன்” என்று சொன்ன தொனியை எங்கள் பிரிவில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 16-வது வாரத்தில் கர்ப்பப்பை அதே நல்ல நிலையில் இருந்தது. 39-வது வாரத்தில் சுகப்பிரசவம், குழந்தை 2.9 கிலோ. நிமிர்ந்த பிறகு அந்தக் கர்ப்பம் வேறெந்தக் கர்ப்பத்தையும் போலத்தான் நடந்தது. நடுவில் ஒருமுறை, 18-வது வாரத்தில், படுக்கையில் புரளும்போது கவட்டியில் சுரீரென்று இழுக்கிறது என்று பதறிப்போய் வந்தார். கர்ப்பப்பையைத் தாங்கும் நார்கள் நீள்வதால் வரும் வழக்கமான வலிதான் அது. ஆனால் அன்று நாங்கள் ‘வழக்கம்தான்’ என்று சொல்லுமுன் அவரைப் படுக்கவைத்துப் பார்த்தோம்.

எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை

தொலைபேசிக் குறிப்புப் படிவத்தில் ‘எத்தனை முறை?’ என்பதற்குக் கீழே மூன்று கேள்விகள் சேர்ந்தன: ஒருமுறை போனால் எவ்வளவு? போய் வந்த பின் காலியானதுபோல் இருக்கிறதா? முக்கவோ குனியவோ எழவோ வேண்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அன்றே வந்து, கழித்த பிறகு எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரே தொந்தரவுக்கு இரண்டாவது முறை கூப்பிடுபவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்வதில்லை, நேரில் வரச்சொல்கிறோம்.

11, 12 வாரத்தில் வருபவர்களிடம் நான் இப்போது கெடுவையும் சேர்த்தே சொல்கிறேன். 14 வாரம் ஆனதும் சிறுநீர்த் தொந்தரவு குறைந்திருக்க வேண்டும், கூடினாலோ வராமல் அடைத்தாலோ காத்திருக்க வேண்டாம் என்று.

பின்சாய்ந்த கர்ப்பப்பை உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. 3,000-ல் ஒருவருக்கு வருவதற்காக 100-ல் 15 பேரைப் பயமுறுத்துவதா என்று ஒரு டாக்டர் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு, பின்சாய்ந்த கர்ப்பப்பையோடு எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புப் பகுதி அறுவை சிகிச்சை, பெரிய நார்த்திசுக் கட்டி ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் 14-வது வாரத்தில் ஒருமுறை வரச்சொல்கிறோம்.

பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் எடுத்த ஸ்கேனில் அவருடைய கர்ப்பப்பை மறுபடியும் பின்னால் சாய்ந்திருந்தது. அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வரலாம். அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தவர், நாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதே வரியைத் தன் நோட்டின் உள்ளட்டையிலும் எழுதிக்கொண்டார்.